வைரஸ் தொற்றும் மறதிநோயும்: வீட்டில் பெரியவர்கள் இருந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது

அப்பா அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தாலோ, பாட்டிக்கு மறதிநோய் இருந்ததால் நமக்கும் வருமோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தாலோ, "இந்த வைரஸ்தான் அல்சைமருக்குக் காரணம்" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால் மனசு பதறத்தான் செய்யும். (மறதிநோய்களில் அதிகம் காணப்படும் வகைதான் அல்சைமர்.) அந்தப் பதற்றத்தில் சிலர் ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள், சிலர் யாரிடமும் கேட்காமல் வைரஸ் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள், இன்னும் சிலர் இதெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடும்போது, உண்மையிலேயே உதவக்கூடிய ஒரு தடுப்பூசியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். மூன்றுமே வேண்டாம். இதுவரை தெரிந்ததை வைத்து ஒரு குடும்பம் செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்த வைரஸைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இந்தப் பேச்சில் அடிக்கடி வருவது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள். உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1, சின்னம்மையையும் பிறகு வயதான காலத்தில் அக்கியையும் (ஷிங்கிள்ஸ்) கொண்டுவரும் வேரிசெல்லா சோஸ்டர், சுரப்பிக் காய்ச்சலை உண்டாக்கும் எப்ஸ்டீன் பார் ஆகியவை. இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால் போகாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸும் சோஸ்டரும் நரம்பு முடிச்சுகளுக்குள் பல பத்தாண்டுகள் அமைதியாகக் கிடக்கும், எதிர்ப்பு சக்தி குறையும்போது மறுபடி கிளம்பும். இதுபோக இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ), கோவிட், மூளையையே நேரடியாகத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வைரஸ்கள் எல்லாம் தனி வகை. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு "வைரஸ் வந்தால் மறதி வரும்" என்று சொன்னால் அது தப்பு.

இப்போது ஒரு எண்ணை மனதில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் கிட்டத்தட்ட 64 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 380 கோடி பேருக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 இருக்கிறது. எப்ஸ்டீன் பார் வைரஸ் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களிடம் உண்டு. இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மறதிநோய் வருவதில்லை. அதனால் "எனக்கு இந்த வைரஸ் இருக்கிறதா" என்று பரிசோதனை செய்து பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலும் இருக்கிறது என்றுதான் முடிவு வரப்போகிறது, அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் மாறாது, ராத்திரித் தூக்கம்தான் போகும். அந்தப் பணத்தையும் நேரத்தையும் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பார்க்கச் செலவழியுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்த ரூத் இட்ஸ்காக்கியின் குழு 1991-ல் முதியவர்களின் மூளைத் திசுக்களில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1-ன் டிஎன்ஏ இருப்பதைக் காட்டியது. 1997-ல் அதே குழு, மூளையில் இந்த வைரஸும் அபோஇ4 என்ற மரபணு வகையும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் அல்சைமர் ஆபத்து அதிகம் என்று எழுதியது. ரொம்ப நாள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஹார்வர்டில் ராபர்ட் மோயரும் ரூடால்ஃப் டான்சியும் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். அல்சைமர் மூளையில் படியும் அமைலாய்டு என்ற புரதம் வெறும் குப்பை கிடையாது, கிருமிகளைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ஒரு தற்காப்புப் பொருளாகவும் அது இருக்கலாம் என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். அதாவது, கிருமி திரும்பத் திரும்பக் கிளம்பினால் இந்தப் புரதமும் திரும்பத் திரும்பப் படியும், அதோடு சேர்ந்து வரும் அழற்சி நரம்பணுக்களைக் கெடுக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். 2022-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு, இட்ஸ்காக்கியோடு சேர்ந்து, ஆய்வகத்தில் வளர்த்த மூளைத் திசு மாதிரியில் சோஸ்டர் வைரஸை விட்டபோது, அங்கே ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் விழித்துக்கொண்டதையும் அமைலாய்டு சேர்ந்ததையும் பார்த்தது. அக்கியைத் தடுத்தால் மூளைக்கு ஏன் நல்லது என்பதற்கு இது ஒரு சாத்தியமான விளக்கம். ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் மனித மூளைக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் யோசிக்கவைக்கும் விஷயம்.

2023-ல் பின்லாந்து, பிரிட்டன் இரண்டு நாடுகளின் மருத்துவப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வைரஸ் தொற்றுக்கும் மூளை நரம்புச் சிதைவு நோய்களுக்கும் இடையே பின்லாந்துத் தரவில் 45 தொடர்புகள் தெரிந்தன, பிரிட்டன் தரவில் மறுபடி சோதித்தபோது அவற்றில் 22 நின்றன. வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அல்சைமர் கண்டறியப்படும் வாய்ப்பு குறைந்தது 20 மடங்கு என்று அதில் வந்தது. இன்ஃப்ளூயன்சாவோடு நுரையீரல் காய்ச்சலும் வந்தவர்களுக்கும் பல நோய்களோடு தொடர்பு இருந்தது. கவனியுங்கள், இவையெல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறும் அளவுக்குக் கடுமையான தொற்றுகள். வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோகும் சளிக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்த்துப் பயப்படக்கூடாது.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

இனி இப்படி ஒரு செய்தி வந்தால், எது முன்னால் வந்தது என்று முதலில் கேளுங்கள். மறதிநோய் மூளைக்குள் ஆரம்பித்து, வெளியே தெரிய 10, 15 வருஷம்கூட ஆகும். அந்த இடைப்பட்ட காலத்தில் ஆள் சரியாகச் சாப்பிடாமல், மாத்திரையை மறந்து, உடம்பைக் கவனிக்காமல் இருந்தால் தொற்றும் எளிதாக வரும். அப்போது தொற்றால் மறதி வந்ததா, ஆரம்பித்துவிட்ட மறதியால் தொற்று வந்ததா என்று தெரியாது. தொற்று வந்து ஒரு வருஷத்துக்குள் மறதிநோய் கண்டுபிடித்ததாகச் சொல்லும் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 10, 15 வருஷம் கழித்தும் தொடர்பு தெரிகிறது என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன்.

அடுத்து, ஒப்பிடப்பட்டவர்கள் உண்மையிலேயே ஒரே மாதிரியானவர்களா என்று பாருங்கள். தடுப்பூசி போட்டுக்கொள்பவர்கள் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள், மருத்துவரிடம் தவறாமல் போகிறவர்கள், பெரும்பாலும் கொஞ்சம் வசதியானவர்கள். அவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தால் அதற்கு ஊசிதான் காரணமா, அந்த வாழ்க்கை முறை காரணமா? இந்தச் சிக்கலாலேயே பல ஆய்வுகளின் முடிவை உறுதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் ஒரு தற்செயலான ஏற்பாடு இந்தச் சிக்கலை அவிழ்த்தது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

வேல்ஸில் 2013 செப்டம்பர் 1-ம் தேதி அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அன்றைக்கு 80 வயது நிறைந்திருந்தவர்களுக்கு ஊசி கிடையாது, பிறகும் கிடைக்காது. 1933 செப்டம்பர் 2-ம் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு உண்டு. ஆக, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்கும் ஒரு வாரம் பின்னால் பிறந்தவருக்கும் உடம்பு, படிப்பு, பழக்கவழக்கம் எதிலும் வித்தியாசம் இருக்கக் காரணமே இல்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று, முதல் ஆளுக்கு ஊசி போட வழியில்லை, இரண்டாவது ஆளுக்கு உண்டு. முன்னவர்களில் அநேகமாக யாருமே போடவில்லை, பின்னவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு ஆராய்ந்தது. 7 வருஷத்தில், ஊசி போட்டவர்களுக்குப் புதிதாக மறதிநோய் வருவது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது நூறு பேருக்கு மூன்றரைப் பேர் என்ற அளவில் குறைவு. பெண்களுக்குப் பலன் அதிகமாகத் தெரிந்தது. இது 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியானது. ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி பிறந்த தேதியை வைத்துச் செய்த ஆய்வில் அதே திசையில் முடிவு வந்தது.

யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கும் சோதனைக்கு இது சமம் ஆகாது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக நம்பத் தகுந்த சான்று இது என்றுதான் நான் நினைக்கிறேன். வைரஸ், மறதிநோய் என்ற இந்த விவாதத்தில் சாதாரண மனிதர் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் செயல்படக்கூடிய முதல் விஷயமும் இதுதான்.

அக்கித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்

வீட்டில் 50 வயதைக் கடந்தவர் இருந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நேரடியாகக் கேட்டுவிடுங்கள், "அக்கித் தடுப்பூசி இவருக்குப் போடலாமா?" என்று. மறதிநோய்க்காக என்று சொல்லிக் கேட்க வேண்டாம், அதற்காக இந்த ஊசிக்கு அனுமதி கிடையாது. அக்கியே போதுமான காரணம். அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இரண்டாவது காரணம் கேட்க மாட்டார்கள்.

வேல்ஸில் போட்டது ஸோஸ்டாவாக்ஸ், வலுக்குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்டது. இப்போது பல நாடுகளில் போடுவது ஷிங்ரிக்ஸ், இதில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் ஒரு புரதம் மட்டும்தான் உண்டு. இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பதிவுகளை வைத்து 2024-ல் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஷிங்ரிக்ஸ் போட்டவர்கள் மறதிநோய் இல்லாமல் கழித்த காலம் பழைய ஊசி போட்டவர்களைவிட 17 சதவீதம் அதிகமாக இருந்தது, பிற்பாடு நோய் வந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 164 நாள். ஊசி போட்ட ஓரிரு நாள் கை வலி, காய்ச்சல், அசதி நன்றாகவே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஊசியை விட்டுவிடாதீர்கள். முன்பே அக்கி வந்தவர்களும், அது முழுக்க ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். புற்றுநோய் சிகிச்சையோ எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்களுக்கு உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது, அதனால் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊசி போடுவதற்குள் அக்கி வந்துவிட்டால்? உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சல், வலி, அப்புறம் கொப்புளங்கள் என்று வந்தால் "தானாகப் போகட்டும்" என்று காத்திருக்காதீர்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். நெற்றி, கண், மூக்கு நுனிப் பக்கம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், பார்வை போகும் ஆபத்து உண்டு. அக்கி வந்தபிறகு சில வாரங்களுக்குப் பக்கவாத ஆபத்தும் கூடுகிறது என்பதால், அந்தக் காலத்தில் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறவிடக்கூடாது.

ஃப்ளூ ஊசியும் கோவிட் ஊசியும் இதே கணக்குதான். வயதானவர்களுக்குத் தொற்று கடுமையாகி ஆஸ்பத்திரி வரை போகாமல் காப்பாற்றுவதே பெரிய பலன். கோவிட் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 51 முதல் 81 வயது வரையான 785 பேரின் மூளை ஸ்கேனை இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டதில், நடுவில் கோவிட் வந்தவர்களுக்கு வாசனை சம்பந்தப்பட்ட பகுதிகளில் சிறு தேய்மானம் கூடுதலாகத் தெரிந்தது. அதற்காக, கோவிட் வந்த எல்லாரும் மறதிநோய்க்குப் போகிறார்கள் என்று அர்த்தமில்லை. தொற்றுக்குப் பிறகு சில மாதம் மந்தமாக, கவனம் சிதறி இருப்பது வேறு, மறதிநோய் வேறு.

வைரஸ் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2018-ல் தைவானிலிருந்து வந்த ஆய்வில், ஹெர்பிஸ் தொற்று வந்து அதற்கு மருந்து எடுத்தவர்களுக்கு மறதிநோய் மிகவும் குறைவாக வந்தது என்று கண்டார்கள். அதைப் படித்துவிட்டு அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் போட்டால் அல்சைமர் வராது என்று நம்ப ஆரம்பித்தவர்கள் உண்டு. சரி, நேரடியாகச் சோதித்தால் என்ன ஆனது? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தேவானந்த் என்ற மனநல மருத்துவர் தலைமையில், ஆரம்பநிலை அல்சைமரும் ஹெர்பிஸ் தொற்றின் அடையாளமும் இருந்த 120 பேருக்கு 78 வாரம் வாலசைக்ளோவிரோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2025-ல் முடிவு வந்தது. மருந்து நோயை மெதுவாக்கவில்லை, நினைவாற்றல் சோதனையில் மருந்து எடுத்தவர்கள் இன்னும் மோசமாகவே சரிந்திருந்தார்கள். இந்த மாத்திரைகள் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை, சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு அளவு கூடினால் அவையே மனக்குழப்பத்தை உண்டாக்கும். மறதியைத் தடுக்கப் போய்க் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம். அக்கிக்கோ அடிக்கடி வரும் உதட்டுக் கொப்புளத்துக்கோ மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தாராளமாக எடுங்கள், அது வேறு.

காய்ச்சலோடு நடத்தை மாறினால் நேரத்தைக் கடத்தாதீர்கள்

காய்ச்சல், தலைவலி, அதோடு ஆளின் பேச்சோ நடத்தையோ திடீரென்று மாறுவது, வலிப்பு, ஆளை அடையாளம் தெரியாமல் விழிப்பது என்று வந்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். எந்த வயதுக்காரராக இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் அசைக்ளோவிர் உயிரையும் நினைவையும் காப்பாற்றும், ஆனால் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். போனதும் "இவர் நேற்றுவரை இப்படி இல்லை" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். வயதானவர் என்றால், பார்க்கிறவர்கள் இதெல்லாம் பழைய மறதி என்று நினைத்துவிட இடமுண்டு.

மூளைக்காய்ச்சலைவிட அதிகமாக வீடுகளில் நடப்பது இன்னொன்று. நுரையீரல் தொற்றோ சிறுநீர்த் தொற்றோ ஃப்ளூவோ வந்த பெரியவர் ஒரே நாளில் குழம்பிப்போவார், இல்லாத ஆளோடு பேசுவார், ராத்திரி எழுந்து எங்கேயோ கிளம்புவார், மத்தியானம் தெளிவாக இருப்பார், சாயங்காலம் மறுபடி மோசமாகும். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் என்று பெயர். சிலருக்கு நேர்மாறாக, சத்தமே இல்லாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருப்பார்கள், அதை "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம், இந்த வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வரும், டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும். இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் எல்லாரும் தெரிந்து வைத்திருந்தால் போதும். காரணமான தொற்றைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் தெளிவார்கள், ஆனால் டெலிரியம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வருவது அதிகம், ஏற்கெனவே மறதிநோய் உள்ளவருக்கு வந்தால் நோய் வேகமாக முற்றும். அதனால் இது வராமல் பார்ப்பதும் வந்தால் சீக்கிரம் தீர்ப்பதும் பெரிய வேலை.

படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்? மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் எடுத்துப்போங்கள், கண்ணும் காதும் மங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், ராத்திரி விளக்கை அணையுங்கள். கடிகாரம், காலண்டர் கண்ணில் படும்படி வையுங்கள். தண்ணீர் குடிக்கிறாரா, மலச்சிக்கல் இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள், இந்த மூன்றுமே குழப்பத்தைக் கூட்டும். பழகிய முகம் ஒன்று மாற்றி மாற்றிப் பக்கத்தில் இருக்கட்டும். அவர் தப்பாகச் சொல்வதையெல்லாம் திருத்தி வாதாடாதீர்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம், யார் கூட இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கை காலைக் கட்டுவது நிலைமையை மோசமாக்கும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை போன்றவற்றில் எதையாவது நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு நினைவாற்றல் சோதனைக்கு அழைத்துப் போகாதீர்கள், மூளை தெளிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதுவரை பணம் எண்ணுவது, பழகிய வழியில் போய்வருவது, மாத்திரை எடுப்பது, போன் பேசுவது இவற்றில் முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று தேதி போட்டுக் குறித்து வாருங்கள். சில மாதங்கள் ஆகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் அந்தக் குறிப்போடு நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றதை விட்டுவிட்டு வைரஸை மட்டும் துரத்தாதீர்கள்

2024-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம், மறதிநோயில் சுமார் 45 சதவீதம், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று பட்டியல் போட்டது. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, அளவு மீறிய மது, உடற்பயிற்சி இன்மை, உடல் பருமன், தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, சரிசெய்யாத பார்வைக் குறை, இளவயதில் குறைந்த படிப்பு. வைரஸ் தொற்று அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த பட்டியலில் வரலாம், வராமலும் போகலாம். அதுவரை காது மங்கிய அம்மாவுக்குக் கருவி வாங்கிக் கொடுப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு வைரஸ் பரிசோதனை எங்கே எடுப்பது என்று தேடுவது சரியான வரிசை கிடையாது.

உதட்டில் கொப்புளம் வந்த பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் சேர்க்காமல் ஒதுக்கி வைக்கவும் வேண்டாம். அந்த வைரஸ் அவர்களுக்குப் பெரும்பாலும் எப்போதோ வந்துவிட்டது, தனிமைதான் அவர்களுக்குப் புதிதாகக் கெடுதல் செய்யும். புண் ஆறும்வரை முத்தம் வேண்டாம், துண்டையும் டம்ளரையும் பகிர வேண்டாம், அவ்வளவுதான். பச்சைக் குழந்தைகளிடமும் எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைந்தவர்களிடமும் மட்டும் இதில் கண்டிப்பாக இருங்கள், அவர்களுக்கு அந்த வைரஸ் உயிருக்கே ஆபத்தாகலாம்.